சித்திரப்பாவைக் கொள்கை: யாழ்ப்பாணத்துச் சூம் மாணாக்கர் ஒழுக்கம் பற்றிய ஒரு முன்னாய்வு

நன்னூல் சூம் வகுப்புக்காகச் செய்யப்பட்ட நூல். இதுவே இக்கட்டுரையின் துணிபு. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டினர், சூம் நேற்று வந்தது என்று சிலர் தடை எழுப்புவர். ஏழெட்டு நூற்றாண்டு இடைவெளியைக் கண்டு மருளுகிறவர்கள் தமிழாய்வுக்கு வரக்கூடாது. விமானத்தையும் அணுவையும் பழம்பாட்டுக்குள்ளிருந்து தோண்டி எடுத்துக் கருத்தரங்கில் வாசித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டார்கள். சூம் மட்டும் என்ன பாவம் செய்தது?

சான்று நூலின் பொதுப்பாயிரத்திலேயே கிடக்கிறது. பாடங்கேட்கும் மாணாக்கன் காலமறிந்து வரவேண்டும், ஆசிரியரின் குணமறிந்து நடக்கவேண்டும், இருக்கச் சொன்னால் இருக்கவேண்டும், சொல்லச் சொன்னால் மட்டும் சொல்லவேண்டும், சித்திரத்துப் பாவைபோல அடங்கிக் காதையே வாயாக்கிப் பருகவேண்டும், கேட்டதை விடாமற் சேமிக்கவேண்டும், போகச் சொன்னதும் போகவேண்டும் என்கிறார் முனிவர். வெயிட்டிங் ரூமிலே காத்து நிற்பது, மைக்கை மூடிவைப்பது, பெயர் கூப்பிட்டால் மாத்திரம் திறப்பது, ரெக்கோடிங்கை இறக்கி வைத்துக்கொள்வது, கடைசியிலே கூட்டத்தை முடிக்கும் சிவப்புப் பொத்தான் எல்லாம் வரிசை பிசகாமல் வந்திருக்கின்றன. டேட்டா கார்ட் ஒன்றைத்தான் முனிவர் சொல்லவில்லை. அதைச் சீயகங்கன் போட்டுக் கொடுத்திருப்பான். நூலைச் செய்வித்தவன் அவன்தானே.

இக்கொள்கையைக் களத்திற் பரிசோதிக்கும் வாய்ப்பு 2020 மார்ச்சில் வந்தது. கொரோனா வந்து பல்கலைக்கழகங்கள் பூட்டப்பட்டன. லேர்ண் என்று அழைக்கப்படும் இலங்கைக் கல்வி, ஆய்வு வலையமைப்பு சூமை ஒழுங்குசெய்து கொடுத்தது. 1974 ஒகஸ்ட்டில் குடாநாட்டுத் திருநெல்வேலியில் ஒரு வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பாடம், வேலணையிலும் வரணியிலும் வீட்டு விறாந்தைகளுக்கு வந்து சேர்ந்தது. 2022இல் பெற்றோல் இல்லாத நாட்களில் மறுபடியும் வந்தது. அதே ஆண்டு மார்ச் முடிவில் மின்வெட்டு நாளுக்குப் 13 மணிநேரம் வரை நீண்டது. "கரண்ட் இல்லை சேர்" என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு ஒரு குறிப்பு: 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபிறகு ஜாம்போத்தல் விளக்கிலே படித்துப் பட்டம் எடுத்த தலைமுறைதான் இன்றைக்கு விரிவுரை எடுக்கிறது. அவர்களிடம் இந்தச் சாட்டு எடுபடாது. அவர்கள் அந்த விளக்கின் திரியிலிருந்து தொடங்குவார்கள், மிச்சப் பாடம் அதிலேயே போய்விடும்.

இனி மாணாக்கர் பெயர். சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் தெரியாதபோது பாட்டிலுள்ள தொடரையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்றெல்லாம் வழங்குவது மரபு. சூம் வகுப்பும் அம்மரபைக் காத்தது. முதல் வாரத்து வரவுப் பட்டியலில் ரெட்மியார், கலக்சியார், அப்பாவின்போனார், மாமிவீட்டுவைஃபையார் ஆகியோர் காணப்படுகின்றனர். "பதிவிலக்கத்தோடை பெயரை மாத்துங்கோ பிள்ளையள்" என்று விரிவுரையாளர் மன்றாடியும் மாற்றாதவர் பலர். அரட்டைப் பெட்டியில் ஒரே தொடரை மட்டும் எழுதிப் புகழ்பெற்ற ஒருவரை இவ்வாய்வு ஓம்சேரனார் என்று குறிக்கும். அவர் ஒருவரா பலரா என்பதில் ஐயம் உண்டு. ஒளவையார் எத்தனை பேர் என்ற ஐயத்துக்கு இது இளைத்ததன்று.

கேள்வி கேட்டல்: சான்று கிடைக்கவில்லை.

கைதூக்கல்: தூக்கிய மஞ்சட் கை இறங்கவேயில்லை.

இப்போது கட்டுரையின் உயிர்நாடிக்கு வருவோம். சித்திரப்பாவை என்றால் எது? இதில் உரைகாரர் மூன்று கட்சி.

முதற்கட்சியின் தலைவர் செல்லரித்த உரைகாரர். அவருடைய ஏட்டைச் செல் அரித்ததனால் இப்பெயர். அவரைச் செல்போன் அரித்ததனால் வந்தது என்பாரும் உளர். கமெராவை நிற்பாட்டிவிட்டுப் பெயரின் முதலெழுத்தை மட்டும் கறுப்புச் சதுரத்திலே காட்டுவதுதான் பாவை என்பது அவர் கருத்து. சித்திரத்துக்கு உருவம் வேண்டுமே, எழுத்து எப்படிச் சித்திரமாகும் என்று கேட்டவர்களை, எழுத்ததிகாரம் படியாதவர்கள் என்று ஒரே வரியிலே தள்ளிவிடுகிறார்.

இரண்டாங்கட்சி, திருநெல்வேலிச் சந்தையில் மரவள்ளிக்கிழங்கு சுற்றிவந்த தாளிலே கிடைத்த சந்தையுரை. புரொஃபைல் படமே பாவை என்கிறது இது. நல்லூர்க் கோபுரத்தையோ விஜய்யையோ தன் அக்காவின் கலியாணத்திலே எடுத்த படத்தையோ வைத்துவிட்டு மாணாக்கன் கிணற்றடிக்குப் போய்வரலாம். படம் அடங்கியிருக்கிறது, முனிவர் கேட்டதும் அடக்கந்தானே என்பது வாதம். இதற்கு ஓர் அரும்பதவுரை, அரும்பதவுரைக்கு ஒரு கண்டனம், கண்டனத்துக்கு மறுப்பு, மறுப்பின் அச்சுப்பிழைகளுக்கு மட்டும் தனியாக ஒரு கண்டனம் எல்லாம் வந்துள்ளன. போலியருட்பா மறுப்பு எழுதிய நாவலரின் ஊரல்லவா, கண்டனம் எழுதுவது இங்கே குடிசைக் கைத்தொழில். கடைசிக் கண்டனத்தின் பின்னட்டையில் ஒரு கோழித்தீவன விளம்பரம் இருக்கிறது. அது இடைச்செருகல் என்பது என் முடிபு. மூலபாடமே அதுதான், மற்றதெல்லாம் இடைச்செருகல் என்று அயல்நாட்டு அறிஞர் ஒருவர் எழுதப்போவதாகக் கேள்வி.

மூன்றாங்கட்சியே ஏற்புடையது. அது கொள்கையிலே பிறக்கவில்லை, நெடுந்தீவிலே பிறந்தது. குறிகட்டுவானில் வள்ளம் ஏறிப்போகவேண்டிய தீவு. அங்கேயுள்ள ஒரு பிள்ளை, சிக்னல் வரும் இடம் தேடி வேலியோரப் பூவரசுக்குக் கீழே கதிரை போட்டு, போனைத் தண்ணிப் போத்தலிலே சாத்திவைத்து, முறைப்படி கமெராவைப் போடுகிறது. இரண்டு நிமிடத்தில் முகம் உறைகிறது. வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி, மறு கண் மேலே செருகி, சுட்டுவிரல் மூக்கை நோக்கிப் போகும் வழியிலே நிற்கிறது. ஒரு மணிநேரமும் அப்படியே. உடல் அசையாமை, கண் இமையாமை, சொல் இன்மை மூன்றும் ஒருங்கே அமைந்த சித்திரப்பாவை இதுவன்றி வேறில்லை. மாணாக்கனின் அடக்கம் மனத்திலிருந்து வருவதன்று, கோபுரத்திலிருந்து வருவது என்று இதனாற் பெறப்படும். நல்லூர்க் கோபுரமன்று, டயலொக் கோபுரம்.

இவ்வளவும் நிறுவிய பிறகும் ஒரு மதிப்புக்குரிய கூட்டத்தார், கமெரா போடாதவன் மரியாதை தெரியாதவன் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்களுடைய வழிகாட்டற் குறிப்பின்படி மாணாக்கன் அமைதியான தனியறையில், வெளிச்சம் முகத்திலே விழ, பின்னாலே ஆள் நடமாட்டமில்லாமல் இருக்கவேண்டும். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போனும் எல்லாருக்குமாக ஒரு விறாந்தையும் உள்ள வீட்டிலே இப்படி ஒரு அறை எங்கே என்று குறிப்பெழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் குறிப்பு அரைப்பக்கத்தில் முடிந்திருக்கும், ஆய்வுப் புள்ளி குறைந்திருக்கும்.

சொல்லச் சொன்னாற் சொல்லுதல் என்ற விதிக்கு எடுத்துக்காட்டு ஒன்றே போதும்.

"தம்பி, மைக்கைத் திறந்து சொல்லும் பாப்பம்."

திறந்தது. முதலில் தேங்காய் திருவும் சத்தம். பிறகு பாண் ஆட்டோவின் பாட்டு. அதற்கும் மேலாலே, பக்கத்துக் கோயிலின் ஒலிபெருக்கி. எல்லாவற்றையும் வென்று ஒரு தாய்க்குரல்: "உந்தக் கோதாரியை மூடிப்போட்டு வந்து சாப்பிடு!"

வகுப்பு முழுவதும் கேட்டது. இங்கே கோதாரி என்று சுட்டப்பட்டது எது? போன் என்பர் செல்லரித்த உரைகாரர். பாடம் என்கிறது சந்தையுரை. விரிவுரையாளரே என்பாரும் உளர், அது பொருந்தாது. உயர்திணையாயின் மூடுதல் என்ற வினை கொள்ளாது, வாயை மூடுதல் என்று விரித்தாலொழிய. இவ்விடத்தில் மாணாக்கர் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரிக்கும் முகக்குறி போட்டனர். இணையவழி வகுப்பில் முழு வரவும் உறுதிப்பட்ட ஒரே தருணம் அதுதான்.

மாணாக்கருக்கு இலக்கணம் வகுத்த முனிவர் ஆசிரியரையும் விடவில்லை. அப்பகுதி விரிவாக ஆராயத்தக்கது. கட்டுரையாளரின் பதவியுயர்வு விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதனால் இங்கே ஆராயப்படவில்லை. ஆசிரியராகத் தகாதவருக்கு முனிவர் சொன்ன உவமைகளில் மடல் கழியாத பனையும் ஒன்று, அது தானாக விழுத்தினாலொழியப் பழம் தராது, ஏறிப் பறிக்கவும் விடாது என்பதை மட்டும், பனை நிறைந்த குடாநாட்டார் என்ற உரிமையிலே குறித்துவைப்போம். ஸ்கிரீன் ஷெயர் போட்டு ஸ்லைட்டைத் தலைப்பிலிருந்து நன்றி வரைக்கும் எழுத்துக்கூட்டி வாசித்து, "விளங்கிச்சுதோ?" என்று கேட்டு, விடை வருமுன்னே அடுத்த ஸ்லைட்டுக்குப் போகிறவர்களை இவ்வுவமை குறிக்காது. அவர்கள் எங்கள் நண்பர்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர்களும் அவர்களே.

எஞ்சியது, போகச் சொன்னாற் போதல். இலவசக் கணக்கிலே நடத்தும் டியூசன்காரருக்கு இதில் சிரமமில்லை, 40 நிமிடத்தில் சூமே எல்லாரையும் வெளியே விட்டுவிடும். பல்கலைக்கழகத்துக் கணக்குக்கு அந்த எல்லை கிடையாது. "சரி பிள்ளையள், அப்ப நாளைக்குச் சந்திப்பம்" என்றதும் அரட்டைப் பெட்டியில் தாங்க்யூ சேர் மழை. ஆனால் முதலிலே எழும்பிப் போகிறவன் மரியாதை கெட்டவன் ஆகிவிடுவானே என்று ஒருவரும் போகார். ஒருவர் போனதும் வேலி பிரித்த ஆடுகள்போல எல்லாரும் போவர்.

ஒருநாள் எல்லாரும் போனபிறகும் ஒரு சதுரம் மட்டும் நின்றது. பெயர்: அப்பாவின்போனார். விரிவுரையாளர் "தம்பி, முடிஞ்சுது, போகலாம்" என்றார், பிறகு "தங்கச்சி" என்றும் கூப்பிட்டுப் பார்த்தார். மறுமொழி இல்லை. நித்திரை என்று செல்லரித்த உரையும் கரண்ட் என்று சந்தையுரையும் கூறும். அடக்கத்தின் உச்சநிலை என்பது இவ்வாய்வின் முடிபு. பரீட்சைக்கு 80 வீத வரவு வேண்டுமல்லவா, அப்பாவின்போனாருக்கு அந்தத் தவணை நூறு வீதம். சோதனை எழுத வந்தது அப்பாவா பிள்ளையா என்பது அடுத்த கட்டுரைக்குரிய பொருள். அதற்கான நிதி விண்ணப்பம் ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது.