அலங்காரத்தைக் கழட்டுலே

ஏலே, அந்த மௌஸைக் கீழ வை. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா, மெஷின் சரியில்ல, மெஷின் சரியில்லன்னு ஊரைக் கூட்டுதே. மெஷின் என்ன பாவம் பண்ணுச்சு? பிளெண்டர்ல ஒரு வீரனை நிப்பாட்டி, தலை நிறைய முடி, தோள்ல அங்கவஸ்திரம், இடுப்புல கச்சை, போதாக்குறைக்கு சைக்கிள்ஸ் வெளிச்சம்னு அத்தனையும் ஏத்திட்டு, அப்புறம்லா முழங்கையை மடக்கப் போறே! கல்யாணப் பொண்ணுக்கு நகையெல்லாம் பூட்டி முடிச்சிட்டு நாத்து நடச் சொன்ன மாதிரி இருக்கு. அவ குனியவே முக்கா மணி நேரம் ஆகும்.

உன் வீரனுக்கு வெறும் உடம்பு 20,000 ஃபேஸ், எல்லாம் நாலுமுனைன்னு வை. அது மேல சப்டிவிஷன் மாடிஃபையரைப் போட்டிருக்கே. லெவல் ஒண்ணு ஏறுனா ஒவ்வொரு ஃபேஸும் நாலாகும். லெவல் 1ல 80,000. 2ல 3,20,000. துரைக்கு 3 கேக்குதுல்லா, அப்ப 12,80,000. சுண்டுவிரல் எலும்பை அசைச்சாலும் அத்தனையையும் முதல்ல இருந்து கணக்குப் போட்டுத்தான் அது உனக்குக் காட்டணும். நீ இழுக்க இழுக்க, ஒவ்வொரு இழுப்புக்கும். நம்பிக்கை இல்லன்னா ஓவர்லே மெனுவில ஸ்டாட்டிஸ்டிக்ஸை டிக் பண்ணிப் பாரு.

சப்டிவிஷன் நல்ல வித்தைதான், குத்தம் சொல்ல மாட்டேன். எட்வின் கேட்மலும் ஜிம் கிளார்க்கும் 1978ல எழுதி வச்சது. 1997ல பிக்சார்காரன் 'கெரிஸ் கேம்'னு ஒரு படம் எடுத்தான், தனியா உக்காந்து தன்கூடவே சதுரங்கம் ஆடுத ஒரு கிழவன் கதை. அவன் தோலும் சட்டையும் வழுவழுன்னு வந்தது சப்டிவிஷன் புண்ணியத்துல. ஆஸ்கரும் வந்துச்சு. (கிழவனை வச்சுத்தான் வாங்குனான், பேரனை வச்சு இல்ல.)

ரெண்டர் ப்ராபர்ட்டீஸ்ல சிம்ப்ளிஃபைன்னு ஒண்ணு இருக்கு, அதை டிக் பண்ணி வியூபோர்ட்டுக்கான மேக்ஸ் சப்டிவிஷனை 0 ஆக்கு. ரெண்டருக்குத் தனி எண் இருக்கு, அதைத் தொடாதே. வீரன் கட்டங்கட்டமாத் தெரிவான். தெரியட்டும். இப்ப உனக்கு வேண்டியது முழங்கை எங்க மடங்குது, பாரம் எந்தக் கால்ல நிக்குதுங்கது. மூக்கு நுனியில மினுக்குத வேர்வை இல்ல. இசட்டை அமுக்கி சாலிடுக்கு வா. முடியை மறை. துணிக்கு கிளாத் போட்டிருந்தா அந்த மாடிஃபையர்ல திரை படம் போட்ட ஐகானை மட்டும் அணை. பக்கத்துல கேமரா படம் போட்டது ரெண்டருக்கு, அதுல கை வைக்காதே.

2022ல வந்த 3.1 பதிப்புல இருந்து சப்டிவிஷன் வேலையை கிராஃபிக்ஸ் கார்டே பாத்துக்கிடும். ஆனா அந்த மாடிஃபையர் வரிசையில கடைசியா இருக்கணும். நீ அதுக்குக் கீழ இன்னொண்ணைச் சொருகி வச்சிருக்கே. கார்டு காலை நீட்டிப் படுத்துக் கிடக்கு, சிபியு மாரடிக்குது. இந்த லட்சணத்துல புதுக் கார்டு வேணும்னு உங்கப்பன்கிட்ட என்னைத் தூது விடுதே.

இன்னும் வேகம் வேணும்னா பழைய ஆளுக பண்ணுத கூத்து ஒண்ணு இருக்கு. உடம்பை நகல் எடு. மேல்கை, முன்னங்கை, தொடைன்னு துண்டு துண்டா வெட்டு. ஒவ்வொரு துண்டையும் அதது எலும்புக்கே பேரண்ட் பண்ணு. அசல் உடம்பை மறைச்சிரு. தோல் இழுபடுத கணக்கே கிடையாது, எலும்பு போற பக்கம் துண்டும் போகும். பாக்கச் சகிக்காதுதான். ஸ்பேஸ்பாரைத் தட்டி ஓட்டிப் பாரு, மேல மூலையில ஃபிரேம் கணக்கு சிவப்பா வந்தா நீ வச்ச 24ஐ எட்டலன்னு அர்த்தம். துண்டு வீரன்கிட்ட அந்தச் சிவப்பு லேசுல வராது.

போஸெல்லாம் முடிஞ்ச பிறகு ஒருக்க அசல் உடம்பையும் துணியையும் திரும்பக் கொண்டாந்து, கக்கத்துல தோல் நசுங்குதா, சட்டையைக் கிழிச்சுக்கிட்டு முழங்கை எட்டிப் பாக்குதான்னு பாத்துரு. இல்லன்னா ராத்திரி பூரா ரெண்டரை ஓட விட்டுட்டு விடிஞ்சதும் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிடுவே.

அது கிடக்கட்டும், ஒண்ணு கேக்கேன். வீரன் வாளை ஓங்கிட்டான், சரி. ரெண்டு காலும் கணுக்கால் வரைக்கும் தரைக்குள்ள போயிருக்கே, அது எந்தக் கார்டு வாங்குனா வெளிய வரும்?