வீடு திரும்பும் மாடு

சிங்கப்பூர்,
ஆடி மாதம்.

அன்புள்ள அத்தைக்கு,

சென்னையில் இரவு பதினொரு மணிக்கு விமானம் ஏறியவன் சிங்கப்பூரில் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு இறங்கினான் என்றால் பிரயாணம் ஏழு மணிக்குக் கால் மணி குறைவு என்றும், அவனே இங்கே இரவு எட்டு மணிக்கு ஏறிச் சென்னையில் ஒன்பதரைக்கு இறங்கினான் என்றால் ஒன்றரை மணிதான் என்றும் விரல்விட்டு எண்ணி, ஒரே ஆகாய மார்க்கத்தில் இந்தப் பக்ஷபாதம் ஏன் என்று கேட்டதோடு நில்லாமல், ‘வீடு திரும்பும் மாடு வேகமாகத்தான் நடக்கும்’ என்று தாங்களே சித்தாந்தமும் செய்து முடித்திருந்த கடிதத்தை ஆபீஸ் போகும் ரயிலில் பிரித்துப் படித்து, நான் தனியே சிரித்ததைக் கண்டு பக்கத்திலிருந்த சீனப் பாட்டி எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள்.

தூரம் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர்; போக நாலேகால் மணி, வர நாலு மணி, அவ்வளவுதான். இவ்வூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தி ஓடுவதால், போகிறபோது அதைப் பிடுங்கிக்கொண்டு வருகிறபோது திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வட்டி மட்டும் கிடையாது.

இதிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. சூரிய பகவானைக் கேட்டால் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் ஒன்றரை மணிதான் என்பார். மிச்சம் ஒரு மணி சர்க்கார் கைங்கரியம்; அதில் கடைசி அரைமணியின் கதை இது. சபா, சரவாக் பிரதேசங்களோடு ஒத்துப்போவதற்காக மலேசியா தன் மேற்குப் பகுதியின் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியபோது, அண்டை வீட்டாரோடு வியாஜ்யம் எதற்கென்று சிங்கப்பூரும் 1982 ஜனவரியில் தன் முள்ளைத் தள்ளிக்கொண்டது. அதன் பலனாக, சூரியன் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு மேலே நிற்கும்போது இங்கே பன்னிரண்டு அடித்துவிடுகிறது. காலை ஏழு மணிக்குத்தான் பொழுதே விடிகிறது. சூரிய நமஸ்காரம் செய்துவிட்டு ஆபீஸுக்குப் புறப்படுபவன் தினந்தோறும் தாமதமாகத்தான் போய்ச் சேருவான். நான் நமஸ்காரத்தைச் சுருக்கிவிட்டேன். இதைத் தாங்கள் மாமாவிடம் சொல்ல வேண்டாம்.

தாத்தா நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறி வந்த காலத்தில் இந்தச் சங்கடமே இல்லை. 1926-இல் கட்டிய அந்தக் கிழக் கப்பல் ஒரு வாரம் போலக் கடலில் ஆடி அசைந்து, பினாங்கைத் தொட்டு இங்கே வந்து சேருவதற்குள் காலம் துளித்துளியாகக் கழிந்ததே தெரியாது. எங்களுக்கோ, சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போவதற்குள் இரண்டரை மணி ஒரே வாயில் போய்விடுகிறது.

ஆனால் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். தங்கள் மாட்டை நான் பரிகாசம் செய்தது முழுவதும் சரியல்ல. கீழே ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசி நம் வீட்டு வாழைகளைச் சாய்க்கிற இதே மாதங்களில், விமானம் பறக்கிற பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேர் விரோதமாகக் கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. ஆகையால் ஊருக்குத் திரும்புகிற விமானத்தை யாரோ பின்னாலிருந்து தார்க்குச்சியால் குத்துகிறார்கள் என்பது வாஸ்தவமே.

ஆவணியில் வருகிறேன். ஒன்பதரைக்குச் சென்னை, அப்புறம் கும்பகோணத்துக்கு முந்நூறு கிலோமீட்டர், பஸ்ஸில் ஏழு மணி நேரம். அதுவும் வீடு திரும்பும் மாடுதானே, அத்தை? அதற்கு மட்டும் என்ன வந்தது என்று விசாரித்து எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்.