ஒன்பது இறக்கைப் படகு

கேள்வி: ஒன்பது இறக்கைகளோடு ஒரு விமானம் செய்தார்களாமே, அது பறந்ததா?

பதில்: பறந்தது, கொஞ்ச தூரம். ஆசைப்பட்டதென்னவோ அட்லாண்டிக் தாண்ட! இத்தாலியின் ஜானி கப்ரோனி, முதல் உலகப் போரில் மூன்றடுக்கு இறக்கைக் குண்டுவீச்சு விமானங்களால் பேர் வாங்கியவர். போர் முடிந்ததும் அதே மாதிரி மூன்றடுக்கு இறக்கைகளை முன்னால், நடுவில், பின்னால் என்று ஒரு பெரிய படகின்மேல் ஏற்றினார். 400 குதிரைத்திறன் லிபர்ட்டி இன்ஜின்கள் எட்டு. 100 பயணிகளுக்கு இடம், வேடிக்கை பார்க்க அகல ஜன்னல்கள். வால் கிடையாது, அதன் வேலையையும் இறக்கைகளே பார்க்க வேண்டும்.

1921 மார்ச் 4, மஜ்ஜோரே ஏரி. விமானி செம்ப்ரினி. பயணிகளுக்குப் பதில் பாரம். எழும்பிய சிறிது நேரத்தில் மூக்கு குத்தி நீரில் விழுந்து நொறுங்கியது. சரியாகக் கட்டாத பாரம் இடம் நழுவியதே காரணம் என்பார்கள். நல்லவேளை, செம்ப்ரினி பிழைத்தார். இன்னொன்று செய்யப்படவேயில்லை. மிஞ்சிய சில பாகங்களை இத்தாலிய அருங்காட்சியகங்கள் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

கப்ரோனியைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இறக்கை கூடினால் தூக்கும் வலு கூடும் என்ற அவர் கணக்கு சரிதான். ஆனால் காற்றின் தடையும் சேர்ந்தே கூடும். முன் இறக்கைகள் கலக்கிவிட்ட காற்றில்தான் பின் இறக்கைகள் உழைக்க வேண்டும். அப்படியோர் உருவத்தை அதற்குமுன் யாரும் பறக்கவிட்டுப் பார்க்கவில்லையே, அவர் யாரைக் கேட்பார்?