‘தெரியுது சார்’: பள்ளி நுண்ணோக்கி வழிக் காட்சிகள் குறித்த ஓர் ஆய்வு

1. நோக்கமும் எல்லையும்

உயிரியல் செய்முறை வகுப்பில் நுண்ணோக்கிக்குள் எட்டிப் பார்க்கும் மாணாக்கர் எதைக் காண்கின்றனர் என்பது இதுகாறும் முறையாக ஆராயப்பட்டிலது. எதைக் காண வேண்டும் என்பதைப் பாடநூல் வண்ணப்படத்தோடு சொல்லிவிட்டபடியால், எதைக் கண்டார்கள் என்று எவரும் கேட்டாரில்லை. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை வெங்காயத் தோல் மட்டுமே. கரப்பான் பூச்சியின் வாயுறுப்புகள் தனிநூலுக்கு உரியவை.

2. கருவி இயல்

கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு, பொருளருகு லென்ஸ் 40 மடங்கு, பெருக்கினால் 400. இந்நிலையில் கண்ணுக்கு அகப்படும் வட்டத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டர் அளவே. ஸ்லைடை இடப்பக்கம் நகர்த்தினால் உருவம் வலப்பக்கம் ஓடும். மேலே தள்ளினால் கீழே இறங்கும். ஆகவே தேடுகிற மாணவரும் தேடப்படும் செல்லும் ஒருவரையொருவர் விட்டு விலகிக்கொண்டே போவது இயல்பு.

கீழே கண்ணாடி பொருத்திய கருவிகளை ஜன்னலோரம் வரிசையாக வைப்பது மரபு. கண்ணாடியில் நேர் வெயில் விழக்கூடாது, கண்ணுக்குக் கேடு. மேகம் மறைத்தாலோ வெளிச்சம் போதாது. எனவே ஐப்பசி, கார்த்திகையில் செல்லியல் சற்றே பின்தங்கும். ஜன்னலுக்கும் கருவிக்கும் நடுவே வேடிக்கை பார்க்க நீளும் தலையையும் மேகம் என்றே கொள்க.

3. காட்சி வகைகள்

காட்சிகள் நால்வகைப்படும்.

முதலாவது, இருள். பொருளருகு லென்ஸைச் சுழற்றியவர் அது ‘டக்’கென்று பொருந்தும் முன்பே கையை எடுத்துவிட்டால் கிட்டுவது.

இரண்டாவது, இமை மயிர். கண்ணை லென்ஸோடு ஒட்டி வைப்பவர்க்கே வாய்ப்பது. வெங்காயத் தோலில் வேர்த்தூவிகள் உண்டெனச் சிலர் துணிந்தது இதனால்.

மூன்றாவது, தூசி. இதன் உறைவிடம் அறிய நல்லதொரு முறை உண்டு. கண்ணருகு லென்ஸைத் திருகும்போது கூடவே சுற்றினால் தூசி அங்கே இருக்கிறது. ஸ்லைடை நகர்த்தும்போது நகர்ந்தால் ஸ்லைடில். பொருளருகு லென்ஸை மாற்றியதும் மறைந்தால் அதில். இத்தனை செம்மையான தர்க்கத்துக்குச் செய்முறைத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் இல்லாதது ஈண்டு நோக்கத்தக்கது.

நான்காவதும் தலையாயதும், காற்றுக்குமிழி. கவர் ஸ்லிப்பை ஊசியில் தாங்கிச் சாய்வாக, மெல்ல இறக்க வேண்டும். பொத்தென்று போட்டால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். நீரும் காற்றும் சந்திக்கும் விளிம்பில் ஒளி வெகுவாக வளைந்து கண்ணுக்கு வராமல் போவதால், குமிழி கன்னங்கரிய கரையோடு பளிச்சென்ற வட்டமாகத் தெரியும். மெய்யான வெங்காயச் செல்லோ, செங்கல் அடுக்கியதுபோல் நீள நீளமாய், வெளிறிப்போய், சாஃப்ரனின் பட்ட அளவுக்குச் சிவந்து கிடக்கும். தோற்றப் பொலிவில் குமிழியே வெல்கிறது. எனவே மாணாக்கர் அதையே செல் என்று வரைந்து, குறை வைக்க மனமின்றி நடுவில் ஒரு நியூக்ளியஸையும் இட்டுவிடுகின்றனர்.

செல் என்றோர் ஐந்தாம் வகையும் உண்டு என்பாரும் உளர். அதைக் கண்டவர்கள் குவியம் வைத்த ஆசிரியரும், அவர் “யாரும் தொடாதீங்க” என்று சொல்லி நகர்ந்தபின் வரிசையில் முதலில் நின்றவரும் ஆவர். இரண்டாமவர் மேசையில் முழங்கையை ஊன்றியதும் இவ்வகை அழிந்துபடுகிறது.

4. தொடாமைக் கோட்பாடு

40 மடங்கில் சிறிய திருகை மட்டுமே திருப்பலாம். அப்போது லென்ஸுக்கும் கவர் ஸ்லிப்புக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இராது. பெரிய திருகில் கை வைத்தால் ‘நறுக்’. கவர் ஸ்லிப் போனால் போகட்டும். லென்ஸில் கீறல் விழுந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது? ஆகவே தொடாமை ஆசிரியரின் கடுமையால் வந்ததன்று.

ஆயினும் நுண்ணோக்கியை முதலில் கற்பது விரல்; கண் அதன் பின்னே வரும். சிறிய திருகை மெல்ல உருட்டும்போது ஒரு தளம் மங்கி அடுத்த தளம் தெளியும். செல்லுக்குக் கனம் உண்டு என்பது அக்கணத்தில்தான் புரியும். தொடாமல் பார்த்தவர் பாடநூல் படத்தையே இன்னொரு முறை பார்த்தவராவார்.

பின்னால் நிற்பவர் இடிக்கிறார். மணி அடிக்கப் போகிறது. “தெரியுதா?” என்கிறார் ஆசிரியர். “தெரியுது சார்.” ரெக்கார்டு நோட்டில் படம் முந்தைய இரவே வரையப்பட்டு, பாகங்கள் குறிக்கப்பட்டுத் தயாராக இருக்கிறது.

5. முன்னோர் மரபு

ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் தாம் கண்ட அறைகளை 1665-இல் ‘மைக்ரோகிராஃபியா’ நூலில் வரைந்து, செல் என்று பெயரிட்டார். 1676-இல் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் ஆன்டன் வான் லூவன்ஹாக், தண்ணீரில் கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் திரிவதாக லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அங்கே ஐயம் எழுந்தது. மறு ஆண்டு, தாங்களும் பார்த்ததாக எட்டுப் பேர் தந்த சான்றுகளை அவர் அனுப்பிவைத்தார். ‘தெரியுது சார்’ மரபின் மூலப் பிரதி இதுவெனத் துணியலாம்.

சொசைட்டி அதோடு விடவில்லை. ஹூக்கையே பார்த்துச் சொல்லப் பணித்தது. செல்லுக்குப் பெயர் வைத்தவருக்கே முதலில் ஒன்றும் தெரியவில்லை. கூடியிருந்தோர் முன் அதை மறைக்காமல், கருவியைச் சீர்செய்து மீண்டும் முயன்றார். 1677 நவம்பரில் எல்லோர் கண்ணுக்கும் உயிர்கள் தெரிந்தன.

6. பரிந்துரைகள்

ஒன்று: உடையும் கவர் ஸ்லிப்பைக் கல்விச் செலவில் எழுதுக. இரண்டு: ஒவ்வொருவரும் குறைந்த மடங்கில் தொடங்கித் தம் விரலாலேயே குவியம் காணட்டும், அதற்கு ஒரு பீரியட் போதாதெனில் இரண்டு தருக. மூன்று: காற்றுக்குமிழியை வரைந்து ‘காற்றுக்குமிழி’ என்றே பெயர் எழுதியவருக்கும், “தெரியலை சார்” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தவருக்கும் முழு மதிப்பெண் வழங்குக.