42 பல் கொண்ட செல்லம்

மனிதனுக்கு 32 பல். மடியில் உட்காரும் பாமரேனியனுக்கோ 42. அல்சேஷனுக்கும் அதே 42 தான். தாடையைச் சுருக்கிய இனவிருத்தி மேதைகள் பல் எண்ணிக்கையைக் குறைக்க மறந்துவிட்டார்கள். விளைவு, வாய்க்குள் ஒண்டுக்குடித்தனம். இடுக்குகளில் உணவுத் துணுக்கும் கிருமிப் படலமும் வாடகை தராமல் குடியேறுகின்றன. துலக்காவிட்டால், உமிழ்நீரின் தாது உப்புகள் சேர்ந்து அந்தப் படலம் சில நாளிலேயே காரையாக இறுகிவிடும். அப்புறம் பிரஷ் பாச்சா பலிக்காது. மயக்க மருந்து கொடுத்து மருத்துவர்தான் சுரண்டியெடுக்க வேண்டும்.

"தினமும் துலக்கிவிடுங்கள்" என்கிறார் கால்நடை மருத்துவர். குடும்பத் தலைவர் பலமாகத் தலையாட்டுகிறார். (அவர் இரவில் பல் துலக்கியதாக வீட்டில் யாருக்கும் நினைவில்லை.) நம் பற்பசையைத் தொடக்கூடாதாம். நாய்க்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். சைலிட்டால் கலந்த பசை என்றால் அது விஷமே. ஆகவே அதற்கென்று கோழிக்கறிச் சுவையில் தனிப் பசை விற்கிறார்கள். நமக்கு வாய்த்தது புதினாதான்.

"ஒரு எலும்பைப் போட்டால் தானே சுத்தமாகிடும்" என்பார் எதிர்வீட்டுத் தாத்தா. கெட்டி எலும்பைக் கடித்துப் பல் உடைந்தால், அதைப் பிடுங்குகிற செலவை அவரிடம் கேட்கவா முடியும்?