நாகலாபுரத்தில் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பது எப்படி?

முதலில் தாகம் வேண்டும். சித்திரை, வைகாசியில் வந்தால் அதற்கென்று தனி முயற்சி தேவைப்படாது. பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசல் காட்டோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சின்னப் பிள்ளையின் கால் உள்ளே போய்விடும். நிழலுக்கு மரம் தேடாதீர்கள். இருப்பது சீமைக்கருவேலம். அதிலும் வளர்ந்ததை வெட்டிக் கரிமூட்டத்தில் அடுக்கிவிட்டிருப்பார்கள்.

அடுத்து, எந்தத் தண்ணீரைக் கேட்கிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள். உப்புத் தண்ணி, நல்ல தண்ணி என்று இரண்டு உண்டு. உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. நல்ல தண்ணி என்பது குழாயில் நினைத்துக்கொண்டு வருவது, அல்லது குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குவது. நாலைந்து குடம் உட்காருகிற மாதிரி இரும்பில் அடித்த தள்ளுவண்டி எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அங்கே கேளுங்கள். அந்த வீட்டுப் பெண்பிள்ளை காலையில் எத்தனை நடை தள்ளினாள் என்று கணக்குப் போடாதீர்கள். போட்டால் கேட்க வாய் வராது.

பர்ஸைத் தொட வேண்டாம். அது கடையில் செய்கிற வேலை.

தண்ணீருக்கு முன்னால் கேள்வித்தாள் வரும். "எந்தூரு?" "யாரு வீட்டுக்கு வந்தீக?" "அவுக உங்களுக்கு என்ன வேணும்?" நாலாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்கிற வழக்கமில்லை. முதல் மூன்றுக்கு நீங்கள் சொன்னதை வைத்து அதற்கான விடையை அவர்களே எழுதிக்கொள்வார்கள். மதுரை, சென்னை என்று பெரிய ஊராகச் சொல்லி நழுவப் பார்த்தால், "அது சரி, சொந்த ஊரு?" என்று துணைக்கேள்வி தயாராக இருக்கும்.

கேட்பதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் எழுதி 1976-ல் வந்த 'கோபல்ல கிராமம்' நாவலில், தண்ணீர் குடிக்க இறங்கிய பெண்ணை, காதில் கிடந்த நகைக்காக ஒரு கள்ளன் கொல்கிறான். ஆள் நடமாட்டமில்லாத காட்டில் முகம் தெரியாத மனிதர் வந்து நின்றால் விசாரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் கள்ளனா என்று விசாரிக்க ஆரம்பித்த கேள்வி அங்கேயே நிற்பதில்லை.

விடை சரியில்லாவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் இல்லை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அவ்வளவு கல்நெஞ்சு இங்கே கிடையாது. சில வீடுகளில் செம்பு மட்டும் உங்கள் கைக்கு வராது. "கைய ஏந்துங்க" என்று உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். கொஞ்சம் நாகரிகமான வீடாக இருந்தால், குடித்ததும் எறிந்துவிடுகிற பிளாஸ்டிக் டம்ளரைத் தேடி எடுத்துவருவார்கள். முன்பெல்லாம் இந்தக் காரியத்துக்காக டீக்கடைகளில் தனி டம்ளர் வாங்கி, அதைக் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைக்க வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் வந்து அந்தச் சிரமத்தைக் குறைத்துவிட்டது. அதைச் சுகாதாரம் என்று சொல்லிக்கொள்ளவும் முடிகிறது. மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். பொதுக் கிணற்றிலும் குளத்திலும் சாதியைச் சொல்லி எவரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவிலும் எழுதியாகிவிட்டது. வீட்டுச் செம்பைப் பற்றி அந்தப் பிரிவில் ஒன்றும் காணோம்.

சரி, தேறிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தண்ணீர் உடனே வராது. வெயிலில் வந்தவருக்கு வெறுந்தண்ணி கொடுத்தால் பாவம். ஒரு துண்டு கருப்பட்டி வரும். இல்லையென்றால் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலைமிட்டாய். வேண்டாம் என்று ஒருமுறை சொல்லலாம், மரியாதைக்கு. இரண்டாம் முறை சொன்னால் பசியை மறைக்கிறீர்கள் என்று முடிவுகட்டி, கம்மங்கஞ்சியும் மோர்மிளகாயும் சீனியவரைக்காய் வத்தலுமாக உட்காரவைத்துவிடுவார்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். அண்ணாந்து குடியுங்கள். புரையேறினால் "யாரோ நினைக்காக" என்று உச்சந்தலையில் தட்டுவார்கள், கொஞ்சம் வலிக்கும்.

இவ்வளவும் கரைத்துக் குடித்துவிட்ட நான், ஒரு பங்குனி மாதம், மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்த களம் ஒன்றைக் கடந்து போனேன். ஒரு கிழவி குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து சோடை வத்தலைப் பொறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். நெடி ஏறி எனக்கு இருமல் நிற்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்துபோய், பானையில் மொண்டு செம்பைக் கையில் கொடுத்துவிட்டாள். ஊர், வந்த வீடு, உறவுமுறை எல்லாவற்றுக்கும் விடை தயாராக வைத்திருந்தேன். அவள் மறுபடியும் வத்தலுக்குள் குனிந்துவிட்டாள். படித்த பாடம் வீணாகிறதே என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பாதி குடித்தேன். வாயைக் கொப்பளித்து, மீதியை டவுன் பழக்கத்தில் தரையில் சரித்தேன். வெடித்த கரிசல் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது.

கிழவி நிமிர்ந்தாள்.

"எந்தூருக்காரன்யா நீ, குடிதண்ணிய மண்ணுல ஊத்துறவன்?"