டிசம்பர் 25, வேலை நாள்: அயல்நாட்டு ஆசிரியரின் கிறிஸ்துமஸ் பற்றிய திணை ஆராய்ச்சி

ஊர்விட்டு ஊர் போய்ப் பாடம் நடத்தும் ஆசிரியர் கிறிஸ்துமஸை எப்படிக் கழிக்கிறார் என்பதற்கு இலக்கணம் வகுப்பாரைக் காணோம். அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுக்களம் ஜப்பான். உலகில் கிறிஸ்துமஸ் உள்ள நாடுகள் உண்டு, இல்லாத நாடுகளும் உண்டு. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கிற நாடு என்பதால் ஜப்பான் தேர்ந்துகொள்ளப்பட்டது. நவம்பரிலேயே கடைத்தெருவெங்கும் விளக்குச் சரம் ஏறிவிடும். ரயில் நிலையத்தில் மரம் நிற்கும். சூப்பர் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போதும் மணியோசைப் பாட்டு காதில் விழும். ஆனால் டிசம்பர் 25 அரசு விடுமுறை அல்ல. மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர்.

ஆய்வு மாதிரிக்கும் பஞ்சமில்லை. அரசே வெளிநாட்டு இளைஞர்களை அழைத்துப் பள்ளிகளில் அமர்த்தும் ஜெட் திட்டம் 1987இல் தொடங்கியது. முதல் ஆண்டு அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்தனர். இன்று அந்தத் திட்டத்தில் இருப்போர் ஐயாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோருக்குத் துணை மொழி ஆசிரியர் பணி, அதாவது உள்ளூர் ஆசிரியர் இலக்கணம் நடத்த, பக்கத்தில் நின்று வாய்விட்டுப் படித்துக் காட்டும் வேலை. கோடையில் வந்திறங்கும் இவர்களுக்கு வீட்டை விட்டு வந்தபின் வரும் முதல் பெரிய பண்டிகை இதுதான்.

ஆய்வு முறையியலுக்கு மேலைநாட்டுக் கோட்பாடுகள் எதையும் தேடிப் போகவேண்டியதில்லை. முதல், கரு, உரி என்ற தொல்காப்பிய அளவுகோலே போதும். சொல்லப்போனால், அதைவிட்டால் இந்தச் சிக்கலை அவிழ்க்க வேறு வழியில்லை.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: ஒரு சிற்றூர், அதில் ஓர் அரசு நடுநிலைப்பள்ளி. பொழுதுதான் தகராறு. டிசம்பர் 25 ஜப்பானில் ஒருகாலத்தில் விடுமுறையாகவே இருந்தது. காரணம் ஏசு அல்லர். 1926ஆம் ஆண்டு அதே தேதியில், விடிவதற்கு முன், பேரரசர் தைஷோ காலமானார். அவர் நினைவாக 1927 முதல் 1947 வரை அந்த நாளுக்கு அரசு விடுமுறை விடப்பட்டது. 1931 முதல் 1934 வரை டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்த விமர்சகர் வில்லியம் எம்ப்சன் போன்றவர்களுக்கு அரசு நாட்காட்டி கிறிஸ்துமஸ் விடுமுறை கொடுத்தது ஒரு மன்னரின் திதியை முன்னிட்டு. போருக்குப் பின் 1948இல் வந்த புதிய விடுமுறைச் சட்டம் அந்த நாளைக் கைவிட்டது.

அடுத்த சலுகையும் அரண்மனையிலிருந்தே வந்தது. 1933 டிசம்பர் 23இல் பிறந்த அகிஹிதோ 1989இல் அரியணை ஏறியதும் அவர் பிறந்தநாள் விடுமுறையாயிற்று. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு ஓர் ஓய்வு. அயல்நாட்டு ஆசிரியர்கள் அதைத் தங்களுக்கே கொடுத்ததாகப் பாவித்துக்கொண்டனர். 2018இல் 23ஆம் தேதி ஞாயிறாக விழுந்ததால் ஈடாகத் திங்கட்கிழமைக்கு விடுமுறை விட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளே கையில் கிடைத்தது. அதோடு சரி. 2019 ஏப்ரல் 30 அன்று அகிஹிதோ பதவி விலகினார். புதிய பேரரசர் நருஹிதோ பிறந்தது பிப்ரவரி 23. ஆசிரியர்களின் டிசம்பர் பிப்ரவரிக்கு இடம்பெயர்ந்தது.

இனிப் பெரும்பொழுது. டிசம்பர் கடைசி நம் கணக்கில் மார்கழி. மார்கழியும் தையும் முன்பனிக் காலம். முன்பனியைக் குறிஞ்சிக்கு உரியதாக்கினார் தொல்காப்பியர். குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம், உரிப்பொருள் புணர்தல். இந்த மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு டிசம்பர் 24 இரவு எந்த ஜப்பானிய நகரத்து வீதியிலும் இறங்கி நடந்தால் வியப்பு தாங்காது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அங்கே காதலர் இரவு. உணவகங்களில் இருவர் மேசைகள் வாரக்கணக்கில் முன்பே பதிவாகிவிடும். விளக்கு அலங்காரம் பார்க்கக் கைகோத்து வருவார்கள். குடும்பமாக அமர்ந்து சாப்பிடும் பண்டிகை அங்கே புத்தாண்டுதான்.

இந்தக் குறிஞ்சி மரபை நாடறியச் செய்ததில் ஒரு ரயில் கம்பெனிக்குப் பங்குண்டு. ஜேஆர் தோகாய் 1980களின் இறுதியில் வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரங்களில், புல்லட் ரயிலில் வரும் காதலனுக்காக ஒரு பெண் நிலையத்தில் காத்திருப்பாள். 1983இல் தட்சுரோ யமஷிதா வெளியிட்ட கிறிஸ்துமஸ் பாட்டொன்று பின்னணியில் ஒலிக்கும். காத்திருத்தல் முல்லைக்கு உரியதாயிற்றே என்று மடக்குவார் உளர். அற்றன்று, அடுத்த ரயிலில் தலைவன் வந்துவிடுவதால் அது குறிஞ்சியே என்க.

இப்படி ஊரே குறிஞ்சியில் இருக்க, நம் ஆசிரியர் மட்டும் பாலையில் நிற்கிறார். பாலைக்கு உரிப்பொருள் பிரிதல், சிறுபொழுது நண்பகல். மாணவர்களுக்குக் குளிர்கால விடுமுறை பெரும்பாலும் அந்த வாரத்திலேயே தொடங்கிவிடும், ஆசிரியர்களுக்குத் தொடங்குவதில்லை. 25ஆம் தேதி நண்பகலில் பள்ளியின் காட்சி இதுதான்: வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன. தாழ்வாரத்தில் நடந்தால் வாயிலிருந்து புகை வருகிறது. ஆசிரியர் அறையில் மட்டும் மண்ணெண்ணெய் அடுப்பு எரிகிறது. அதன் தலையில் ஒரு கெண்டி. துணைத் தலைமையாசிரியர் தொலைபேசியில் யாருக்கோ தலைவணங்கிக்கொண்டிருக்கிறார். உடற்பயிற்சிக் கூடத்தில் கூடைப்பந்துக் குழு பயிற்சி எடுக்கிற சத்தம். பள்ளிச் சாப்பாடு நின்றுவிட்டதால் நம்மவர், கடையில் வாங்கிய சோற்று உருண்டையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கிறார். நடத்த வகுப்பில்லை, கிளம்ப அனுமதியில்லை. விடுப்பு எடுக்கலாம்தான். ஆனால் ஊருக்குப் போய்வரச் சேர்த்து வைத்திருக்கும் நாட்கள் அவை. விமானக் கட்டணமோ அந்த வாரத்தில் ஏறிப்போய்க் கிடக்கும். ஒரே நிலத்தில், ஒரே நாளில் இரண்டு திணை. இதைத் திணை மயக்கம் என்று இலக்கணிகள் அன்றே சொல்லிவிட்டதால் ஆய்வாளருக்குப் புதுப் பெயர் தேடும் சிரமம் மிச்சம்.

கருப்பொருளில் தெய்வம் முதலில் வரவேண்டும். ஜப்பானின் கேஎஃப்சி கடைகள் பலவற்றின் வாசலில் கர்னல் சாண்டர்ஸின் ஆளுயரச் சிலை நிற்கிறது. டிசம்பரில் அதற்குச் சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தாடிக்குப் பொருத்தமான தொப்பியும் சார்த்துகிறார்கள். உணவு, அவர் கடைக் கோழி. கேஎஃப்சி 1970இல் ஜப்பானுக்கு வந்து நகோயாவில் கடை திறந்தது. 1974இல் கிறிஸ்துமஸுக்குக் கெண்டக்கி என்ற விளம்பரத்தை நாடு முழுக்க ஓட்டியது. இன்று டிசம்பர் 24இல் கோழிப் பீப்பாய் வேண்டுமானால் வாரக்கணக்கில் முன்பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையேல் வாசலில் வளைந்து நீளும் வரிசை.

இந்த வழக்கம் எப்படிப் பிறந்தது என்பதில் பாடபேதம் உண்டு. வான்கோழி கிடைக்காத அயல்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர் கோழி வாங்கிப்போனதைப் பார்த்து யோசனை உதித்தது என்பது ஒரு பாடம். முதல் கடையின் மேலாளராக இருந்து பின்னாளில் நிறுவனத்துக்கே தலைவரான தகெஷி ஒகவாரா சொன்னது வேறு. மழலையர் பள்ளி ஒன்றின் விழாவுக்குச் சாண்டா வேடத்தில் கோழி கொண்டுபோய், ஆடியும் காட்டினாராம். மேலைநாடுகளிலும் இப்படித்தானா என்று தொலைக்காட்சியில் கேட்டபோது, இல்லையென்று தெரிந்தே ஆமாம் என்றாராம். பல்லாண்டு கழித்து ஒரு நேர்காணலில் அவரே இதைச் சொன்னார். இரண்டு பாடங்களிலும் ஓர் ஒற்றுமையை உரையாசிரியர்கள் கவனிக்கவில்லை. அயல்நாட்டான் சாட்சியாக நிறுத்தப்படுகிறான், ஒன்றில் நேரில், மற்றதில் அவனுக்குத் தெரியாமல்.

வான்கோழியைச் சொந்தமாகச் சுட்டுக்கொள்ளலாமே எனில், ஜப்பானிய வாடகை வீட்டுச் சமையலறையை அறியாதார் கூற்று அது. இரண்டு பர்னர் அடுப்பு, நடுவில் மீன் சுடும் சிறு தட்டு, அவ்வளவுதான். அந்தத் தட்டில் வான்கோழியின் ஒரு காலைக்கூட மடக்கித்தான் வைக்கவேண்டும்.

கேக் ஒரு தனி இயல். யோகோஹாமாவில் 1910இல் தொடங்கிய ஃபுஜியா கடை அந்த ஆண்டே கிறிஸ்துமஸ் கேக் விற்றது. இன்று எல்லாரும் வாங்குவது மெத்தென்ற வெள்ளைக் கிரீம் கேக், மேலே பசுமைக்குடிலில் விளைந்த சிவப்பு ஸ்ட்ராபெர்ரி. பிராந்தியில் ஊறிய உலர்பழக் கேக்கை மாதக்கணக்கில் வைத்துத் தின்று வளர்ந்த ஆங்கிலேயருக்கு இது கேக்காகவே படாது. ஆனால் பொருளியல் நோக்கில் இதற்கு ஈடில்லை. 25 மாலைவரை முழு விலை. இருட்டியபின் சூப்பர் மார்க்கெட் ஊழியர் கையில் ஸ்டிக்கர் சுருளோடு வருவார். அவர் பின்னால் நாலைந்து பேர் யதேச்சையாக வந்தவர்கள்போல நிற்பார்கள். அரை விலை ஸ்டிக்கர் ஒட்டியதும் கைகள் நீளும். அந்த நாலைந்தில் உயரமாக நிற்பவர் அநேகமாக நம் ஆசிரியர். மறுநாள் காலை அதே அலமாரியில் புத்தாண்டுக்கான மூங்கிலும் பைன் கிளையும் இருக்கும். மரம், மணி, பாட்டு எல்லாம் ஒரே இரவில் போய்விடும்.

ஜப்பானின் முதல் கிறிஸ்துமஸே அயலார் கொண்டாடியதுதான். 1552 டிசம்பரில் யமாகுச்சி நகரில் சேசு சபையின் கோஸ்மே தெ தோரஸ் நடத்திய பூசையை அப்படிச் சொல்வது வழக்கம். அந்நகரை அடைய வழியமைத்தவர் பிரான்சிஸ் சேவியர். அதற்குப் பத்தாண்டு முன்பு முத்துக்குளித்துறையில் பரதவர் ஊர்கள்தோறும் தமிழில் செபங்களை ஓதவைத்த அதே சவேரியார். அந்த டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் இறந்துவிட்டார். பின் 1614இல் கிறிஸ்தவம் நாடு முழுக்கத் தடையாகி, 1873இல்தான் தடை நீங்கியது. மறு ஆண்டே டோக்கியோவில் ஹரா தனெஅகி என்பவர் ஒரு கிறிஸ்துமஸ் விழா நடத்தினார். அதில் தோன்றிய சாண்டா, வாள் செருகிய சாமுராய் உடையில் வந்தார். அன்று உள்ளூர்க்காரர் உள்ளூர் உடையிலேயே சாண்டா ஆனார். இன்று அந்தப் பதவி அயல்நாட்டு ஆசிரியருக்கு. ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இதுபற்றி இராது. டிசம்பர் நடுவில் யாரோ ஒரு பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே மலிவு விலைச் சிவப்புத் துணி, இடுப்பில் நிற்காத கால்சட்டை, காதில் மாட்டும் தாடி. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாடியை இழுத்துப் பார்த்து ஆசிரியரின் பெயரைச் சொல்லிக் கூச்சலிடுவது வரை விழா நடக்கும்.

எல்லா அயல்நாட்டு ஆசிரியரும் பாலைத் திணையரா? பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களை வைத்து இக்கொள்கையை மறுக்கலாம். அவர்கள் நாட்டில் கிறிஸ்துமஸ் காலம் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. டிசம்பர் 16 முதல் ஒன்பது நாள் வைகறைப் பூசை. ஜப்பான் வந்தபின், வேலைக்குப் போகவேண்டியிருப்பதால், அதைப் பல பங்குகளில் மாலைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். டோக்கியோ யோட்சுயாவின் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் பல மொழிகளில் பூசை நடக்கிறது. இவர்கள் கூட்டமாக இருப்பதால் பிரிவு பாதி குறைகிறது. ஆனால் கடைசிப் பேருந்து ஆறரைக்குப் போய்விடும் மலையூர்களில் இருப்பவருக்கு இந்த விலக்கு செல்லாது.

மணிக்கணக்கு இன்னொரு வில்லங்கம். ஜப்பான் நேரத்தோடு ஒப்பிட, நியூசிலாந்தின் கோடை நேரம் நான்கு மணி முன்னால்; லண்டன் ஒன்பது மணி பின்னால்; லாஸ் ஏஞ்சலஸ் பதினேழு மணி பின்னால். ஆக்லாந்தில் காலை எட்டு மணிக்கு அம்மா வீடியோ காலில் வாழ்த்தினால் மகன் அதிகாலை நான்கு மணிக்குப் போர்வைக்குள்ளிருந்து பதில் சொல்கிறான். லண்டனில் பகலுணவுக்கு மேசை போடும்போது இங்கே இரவு ஒன்பது. லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் காலை எட்டுக்குப் பரிசுப் பொட்டலங்களைப் பிரிக்கும்போது இங்கே 26 பிறந்து ஒரு மணி நேரமாகிவிட்டது. அதாவது கலிஃபோர்னியா ஆசிரியரின் குடும்பக் கிறிஸ்துமஸ், வேலை செய்யும் நாட்டில் கிறிஸ்துமஸ் முடிந்தபின் தொடங்குகிறது. இவரைத் தனி உட்பிரிவாகக் கொள்வதே முறை.

டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை அரசு அலுவலகங்கள் மூடும்போது ஒருவழியாக விடுமுறை வருகிறது. உடன் வேலை செய்வோர் அவரவர் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். டிசம்பர் 25க்குள் அஞ்சலில் சேர்த்த புத்தாண்டு வாழ்த்துகள் ஜனவரி 1 காலை வீடு தேடி வரும். அந்தக் கெடு தெரியாமல் தாமதமாக அனுப்பியவர்களில் நம்மவரும் ஒருவர். மற்றபடி கொதாட்சு என்ற சூடேற்றிய தாழ்மேசைக்குள் கால் நீட்டி ஆரஞ்சு உரித்துத் தின்பதுதான் வேலை.

ஜனவரி இரண்டாம் வாரம் பள்ளி திறக்கும்போது முதல் ஆங்கில வகுப்புக்கு இறந்தகாலப் பயிற்சி தோதாக அமையும். விடுமுறையில் என்ன செய்தாய், எங்கே போனாய் என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு மாணவி ஆசிரியரையே கேட்பாள்: கிறிஸ்துமஸுக்கு என்ன சாப்பிட்டீர்கள்? சோற்று உருண்டை என்றால் வகுப்பு நம்பாது. அரை விலைக் கேக் என்றால் சிரிக்கும். முன்பதிவு செய்யத் தவறி, வரிசையில் நின்று, எஞ்சியிருந்த இரண்டு துண்டு வாங்கியது நினைவுக்கு வர, கெண்டக்கி என்கிறார். வெளிநாட்டிலும் அதுதான் வழக்கமாம் என்று முப்பது பேரும் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ஒகவாரா கையில் அன்று இல்லாத ஆதாரம் இப்போது கிடைத்துவிட்டது.